குவில்டில் பிசிறு: எப்போது வெட்டுவது, எதைப் புதைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்டுவது தனி வேலை. தைத்து முடித்த உருப்படி மேசைக்கு வரும். டிரிம்மர் என்னும் சிறு நூல்வெட்டியோடு இருப்பவர்கள் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துத் தொங்கும் நூலையெல்லாம் எடுத்துவிடுவார்கள். சட்டைக்கு அந்த முறை சரி. குவில்டுக்கு அது பாதிதான் பொருந்தும். மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, கீழே அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைத்த பிறகு உள்பக்கத்தைத் திருப்ப வழியில்லை. உள்ளே சிக்கிய நூல் உள்ளேயேதான் கிடக்கும்.

கீழே உள்ளவை பருத்தித் துணியில், வீட்டுத் தையல் மிஷினிலோ கையாலோ தைக்கும் ஒட்டுத்துணிக் குவில்டுகளுக்கானவை.

பிசிறு என்று கண்ணில் படுவதையெல்லாம் வெட்டிவிடலாமா?

கூடாது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மூன்றும் வேறு வேறு சங்கதி.

ஒன்று, துணியின் சொந்த இழை. வெட்டிய ஓரத்திலிருந்து கழன்று நிற்கும். இதை இழுக்கவே கூடாது. ஓர் இழையை இழுத்தால் பக்கத்து இழை தளரும். தையலுக்கு விட்டது கால் அங்குலம்தான் என்பதால், அதில் நாலைந்து இழை போனாலே தையலின் பிடிமானம் குறைந்துவிடும். ஓரத்தோடு ஒட்ட வெட்டுங்கள், அவ்வளவுதான்.

இரண்டு, தையல் நூலின் முனை. இதிலும் இரண்டு வகை உண்டு. துண்டுகளை இணைத்த தையலின் முனையை வெட்டலாம், ஏனென்றால் குறுக்கே வரும் அடுத்த தையல் அதைப் பூட்டிவிடும். மூன்று அடுக்கையும் சேர்த்துப் போட்ட குவில்டிங் தையலின் முனையை மேற்பரப்போடு வெட்டினால் இரண்டு சலவையில் தையல் பிரியும். அதை முடிச்சிட்டுப் பஞ்சுக்குள் புதைக்க வேண்டும்.

மூன்று, எங்கிருந்தோ வந்து ஒட்டிய நூல்துண்டு, பஞ்சுத் தூசு, முடி. இதற்குக் கத்தரி வேண்டாம், ஒட்டும் ரோலர் போதும்.

எது எதுவென்று சந்தேகம் வந்தால் ஊசி முனையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். சும்மா ஒட்டியிருப்பது நகர்ந்துவிடும். தையல் நூல் ஒரு முனையில் பிடித்து நிற்கும்.

ஒவ்வொரு தையலுக்கும் வெட்ட வேண்டுமா, கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து வெட்டலாமா?

இஸ்திரிப் பெட்டிக்குப் போகுமுன் வெட்டுவதுதான் நல்ல கணக்கு. ஒரு தையல் போட்டதும் துண்டைத் திறந்து இஸ்திரி போடத்தானே போகிறோம், அதற்கு முன் இரு முனையையும் ஒரு வெட்டு. நூல் முனை தையல் ஓரத்துக்கு அடியில் மடங்கி இஸ்திரி ஏறிவிட்டால் அங்கேயே படிந்துவிடும், பிறகு கண்ணுக்கே தெரியாது. அடுத்த துண்டோடு தைக்கும்போது அதே முனை ஊசிக்கடியில் மாட்டி, தையலுக்குள்ளேயே தைக்கப்பட்டும் போகலாம்.

மொத்தமாக வெட்டலாம் என்று தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 12 வரிசை, வரிசைக்கு 16 சதுரம், ஆக 192 சதுரம். முதலில் இரண்டிரண்டாக இணைத்தால் 96 தையல். ஒவ்வொன்றையும் தனியாகத் தைத்து எடுத்தால் தொடக்கத்தில் மேல்நூல், அடிநூல், முடிவில் மேல்நூல், அடிநூல் என்று நாலு முனை. முதல் சுற்றிலேயே 384 முனை தொங்கும். கடைசி நாளில் இதற்கு யாருக்கும் பொறுமை இருக்காது.

அவ்வளவு முனைகளே வராமல் தைக்க வழி உண்டா?

உண்டு, பூச்சரம் தொடுப்பது போலத் தொடர்ந்து தைப்பது. ஒரு ஜோடியைத் தைத்ததும் நூலை வெட்டாமல், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபூட்டைத் தூக்காமல், இரண்டு மூன்று தையல் வெறுமனே ஓடவிட்டு அடுத்த ஜோடியை நுழையுங்கள். ஜோடிக்கு ஜோடி நடுவே அரை அங்குலத்துக்கும் குறைவான நூல்பின்னல்தான் இருக்கும். கடைசியில் சரத்தை வெளியே எடுத்து இடையிடையே ஒரே வெட்டு. தொங்கும் முனை இல்லை, நூலும் மிச்சம்.

சரத்தின் முதலிலும் கடைசியிலும் இரண்டு அங்குலச் சதுரமாக ஒரு வேண்டாத துணித்துண்டை வையுங்கள். தொடக்கத்தில் வரும் நூல்சிக்கல் எல்லாம் அந்தத் துண்டோடு போய்விடும், நல்ல துணி தப்பிக்கும். கடைசித் துண்டை மிஷினிலேயே ஃபூட்டுக்கு அடியில் விட்டுவைத்தால் அடுத்த முறைக்கு அதுவே முதல் துண்டு.

ஒரே எச்சரிக்கை: வரிசை மாறக்கூடாத வடிவமாக இருந்தால் சரத்தை வெட்டிய கையோடு அதனதன் இடத்தில் அடுக்கிவிடுங்கள், அல்லது முதல் துண்டில் ஒரு குண்டூசி குத்தி வையுங்கள். வெட்டியபின் குவியலாகப் போட்டால் எது எங்கே என்று தேடுவதற்குள் மிச்சம் பிடித்த நேரம் போய்விடும்.

தையலின் இரு முனையிலும் ரிவர்ஸ், அதாவது பின்னோக்கிச் சில தையல், போட்டால்தானே பிரியாது?

உடுப்புத் தைத்துப் பழகிய கைக்கு இது தானாக வரும். குவில்டுத் துண்டு இணைப்பில் தேவையில்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை போகும் தையலை அடுத்த தையல் குறுக்கே கடந்து பூட்டிவிடுகிறது. ஒவ்வொரு முனையிலும் ரிவர்ஸ் போட்டால் அந்த இடம் தடித்து, நாலு சதுரம் சந்திக்கும் மூலையில் முண்டு விழும். தவறு வந்து பிரிக்கும்போதும் அந்த இரண்டடுக்குத் தையல்தான் துணியைக் கிழிக்கும்.

அதற்குப் பதிலாகத் தையல் நீளத்தை 2 மி.மீ. அளவுக்குக் குறையுங்கள். அங்குலத்துக்கு 12, 13 தையல் வரும். தையல் நெருக்கமாக இருந்தால் வெட்டிய முனை எளிதில் தளராது. தைத்த பட்டையைக் குறுக்கே துண்டுபோட்டுப் பயன்படுத்தும் வடிவங்களில் இது மிக முக்கியம்.

ரிவர்ஸ் போட வேண்டிய இடங்களும் உண்டு. மேல்துணியின் வெளி ஓரத்தில் வந்து முடியும் தையல்களுக்குப் போடுங்கள், அவற்றை வேறு தையல் உடனே கடக்காது. ஓரத்துக்குக் கால் அங்குலம் முன்பே நின்று மூன்று துண்டு சந்திக்கும் மூலைகளுக்கும் போடுங்கள். ரிவர்ஸ் இல்லாத பழைய மிதி மிஷினில் கடைசி நாலைந்து தையலை மிகச் சிறிதாக வைத்தால் அதே பலன்.

தையல் தொடங்கும் இடத்தில் அடியில் நூல் கொத்தாகச் சுருண்டுவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணம். நூல் முனைகளைப் பிடிக்காமல் தொடங்கியது முதல் காரணம்: மிஷின் தளர்ந்த முனையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேல்நூலையும் அடிநூலையும் 4 அங்குலம் பின்னால் இழுத்து, இடது கையால் பிடித்துக்கொண்டு முதல் மூன்று தையல் போடுங்கள். இரண்டாவது, ஃபூட்டைக் கீழே இறக்கியபடி நூல் கோத்தது. அப்போது மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், மேல்நூல் அவற்றுக்கு நடுவே உட்காராது. கொத்து விழுவது அடியில், குற்றம் மேலே. ஃபூட்டைத் தூக்கி மறுபடி கோத்தால் சரியாகிவிடும். மூன்றாவது, துணியின் மூலை ஊசித்துளைக்குள் இழுபடுவது. இதற்கு மேலே சொன்ன முதல் துணித்துண்டுதான் மருந்து.

ஓரங்களை ஓவர்லாக் செய்துவிட்டால் பிசிறே வராதே?

வராது. ஆனால் வேறு தொல்லை வரும். ஒவ்வொரு தையல் ஓரமும் தடிக்கும், இஸ்திரியில் படியாது, மேல்துணியில் வரப்பு மாதிரி கோடு தெரியும். கையால் குவில்டிங் செய்பவருக்கு அந்த நூற்பின்னலில் ஊசி இறங்குவதே போராட்டம். மூன்றடுக்குக்குள் போன ஓரத்தில் உராய்வு இல்லை, அதனால் அது மேற்கொண்டு பிரிவதும் இல்லை. பஞ்சும் அடித்துணியும் இல்லாத ஒற்றை ஒட்டுப்போர்வை தைத்தால் மட்டும் ஓவர்லாக் தேவை, அங்கே ஓரங்கள் வெளியே உராய்கின்றன.

கைத்தறித் துணி தொட்டாலே பிரிகிறது. என்ன செய்வது?

நெசவு எவ்வளவு தளர்வோ அவ்வளவு பிசிறு. கைத்தறிப் பருத்தி, மல், பழைய சேலைத் துணி எல்லாம் இந்த வகை. முதல் பாதுகாப்பு கஞ்சி. துணியைத் துவைத்து, மெல்லிய கஞ்சியில் முக்கி, கால்வாசி ஈரத்தில் இஸ்திரி போட்டு, பிறகு வெட்டுங்கள். காகிதம் போல விறைப்பாக நிற்கும் துணியில் ஓரம் நெகிழாது, அளவும் பிசகாது. சாதக் கஞ்சியே போதும், நன்றாக வடிகட்ட வேண்டும், இல்லையென்றால் பருக்கை ஒட்டி இஸ்திரிப் பெட்டியில் தீய்ந்துபோகும். கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் அடுக்கி வைக்காதீர்கள், வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. குவில்ட் முடிந்ததும் ஒரு முறை அலசிக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, தையலுக்கு விடுவதைக் கால் அங்குலத்திலிருந்து ⅜ அங்குலமாகக் கூட்டுங்கள். வெட்டுவதற்கு முன்பே இந்த முடிவை எடுக்க வேண்டும், பாதியில் மாற்றினால் எந்த மூலையும் சேராது.

வெட்டிய சிறு துண்டுகளை ஒருபோதும் துவைக்காதீர்கள். துவைப்பதெல்லாம் முழுத்துணியாக இருக்கும்போதே. அப்போதும் வெட்டோரத்தின் இரு மூலைகளையும் முக்கால் அங்குலம் சாய்வாகக் கத்தரித்துவிட்டுத் தண்ணீரில் போட்டால், இழைகள் கழன்று கயிறாகத் திரிந்துகொள்வது வெகுவாகக் குறையும்.

நெயில் பாலிஷ் தடவலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். தடவிய இடம் தகடாகிவிடும், மெல்லிய துணியில் கறை மேலே தெரியும்.

வெள்ளைத் துணிக்கு அடியில் கறுப்பு நூல் நிழலாகத் தெரிகிறது. இதைத் தவிர்ப்பது எப்படி?

குவில்ட் கெட்டுப்போகும் வழிகளில் மிகச் சிறியதும் மிக எரிச்சலூட்டுவதும் இதுதான். ஒரே ஒரு சிவப்பு இழை வெள்ளைச் சதுரத்துக்கு அடியில் படுத்திருந்தால் கண் அங்கேயேதான் போகும்.

தையல் ஓரங்களை எப்போதும் அடர்நிறத் துணிப் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். சில இடங்களில் வெளிர்நிறப் பக்கம்தான் சாய்க்க முடியும், நாலு மூலை சந்திப்பில் அப்படி அமையும். அங்கே அடர்நிற ஓரத்தை 1 அல்லது 2 மி.மீ. குறைத்து வெட்டினால் வெளிர்நிற ஓரம் அதை மூடிக்கொள்ளும். இணைப்புத் தையலுக்கு வெளிர் சாம்பல் நூல் வைத்துக்கொள்வது நல்லது. அடர்நிறத்துக்கும் வெளிர்நிறத்துக்கும் நடுவே அது அவ்வளவாகக் கண்ணில் படாது, வெள்ளைக்கு அடியில் முனை கிடந்தாலும் உறுத்தாது.

மூன்றடுக்கும் தைத்த பிறகு கண்டுபிடித்தால்? முழுத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். மெல்லிய ஊசியை இழைகளுக்கு இடையே நுழைத்து, நூலைப் பக்கத்து அடர்நிறத் துணிக்கடியில் தள்ளிவிடலாம். மிகச் சன்னமான குரோஷே ஊசியால் நெசவு இடைவெளி வழியே நூலைக் கொக்கி போட்டு மேலே எடுத்துவிடவும் முடியும். பிறகு நகத்தால் இரு திசையிலும் தேய்த்தால் இழைகள் பழையபடி நெருங்கிக்கொள்ளும். நெருக்கமாக நெய்த துணியில் இது கடினம்.

முக்கோணங்களை இணைத்ததும் மூலையில் காது போல நீளும் துணியை வெட்ட வேண்டுமா?

வெட்டத்தான் வேண்டும், அதுவும் அடுத்த இணைப்புக்கு முன்பே. விட்டால் மூலைச் சந்திப்பில் எட்டடுக்குத் துணி சேரும், ஊசி தடுமாறும். கட்டத்தின் ஓரத்தோடு ஒட்ட நேராக வெட்டுங்கள், உள்நோக்கிச் சாய்ந்தால் தையல் ஓரம் குறைந்துபோகும்.

பஞ்சு வைக்குமுன் செய்யும் கடைசிச் சோதனையை எப்படிச் செய்வது?

இந்த ஒரு மணி நேரத்தை யாரும் தவிர்க்கக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் சோம்பல் பட்டாலும் இதில் பட வேண்டாம்.

மேல்துணியைப் பின்பக்கம் தெரியும்படி கட்டிலிலோ பெரிய மேசையிலோ விரியுங்கள். இடது மூலையில் தொடங்கி, வரிசை வரிசையாக ஓர் அடி அகலத்துக்குப் பார்த்துக்கொண்டே போங்கள். கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் தாவினால் நடுவே விட்டுப்போகும். நூல் முனைகளை கால் அங்குலத்துக்கு மிகாமல் வெட்டுங்கள், தையலோடு ஒட்ட வெட்ட வேண்டியதில்லை. திருகிக்கொண்ட தையல் ஓரங்களையும் அப்போதே நேராக்கி இஸ்திரி போட்டுவிடுங்கள். அடுத்து ரோலர், அல்லது அகலமான டேப்பைக் கையில் ஒட்டும் பக்கம் வெளியே வரச் சுற்றிக்கொண்டு தட்டித் தட்டி எடுப்பது.

பிறகு துணியை வெளிச்சமான ஜன்னலில் பிடித்து, நல்ல பக்கத்திலிருந்து பாருங்கள். ஒளி பின்னாலிருந்து வரும்போது உள்ளே கிடக்கும் ஒவ்வொரு நூலும் கோடாகத் தெரியும். பகலில் முடியாவிட்டால் பின்னால் ஒரு எல்.இ.டி. விளக்கு போதும்.

கடைசியாக, சுற்றிலும் ஓரத்திலிருந்து ⅛ அங்குலம் உள்ளே ஒரு நேர்த்தையல். வெளியோரத் தையல்கள் வாய் பிளக்காமல் இருக்கவும், கையாளும்போது ஓரம் இழுபட்டு அலையலையாகாமல் இருக்கவும் இது உதவும். கடைசியில் ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைக்கும் பட்டையான பைண்டிங்குக்கு அடியில் மறைந்துவிடும், பிரிக்க வேண்டாம்.

அடித்துணிக்கும் பஞ்சுக்கும் இதே ரோலர் சோதனை உண்டு. மெல்லிய வெள்ளை அடித்துணி என்றால் அதன் வழியாகவும் நூல் தெரியும்.

மிஷினில் குவில்டிங் செய்த நூல் முனைகளை எப்படிப் புதைப்பது?

தொடங்கும்போதே இதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஊசியை ஒருமுறை இறக்கி ஏற்றி, மேல்நூலை இழுத்தால் அடிநூல் கண்ணியாக மேலே வரும். அதை வெளியே எடுத்து இரண்டு முனையையும் 6 அங்குலம் விட்டுத் தையுங்கள். முடிக்கும் இடத்திலும் 6 அங்குலம் விட்டு வெட்டுங்கள், அங்கேயும் அடிநூலை மேற்பக்கம் கொண்டுவர வேண்டும்.

இரண்டு நூலையும் சேர்த்து, துணியை ஒட்டி இரட்டை முடிச்சு போடுங்கள். முடிச்சு தளர்ந்து நின்றால் கண்ணிக்குள் ஒரு ஊசியைச் செருகி அதைத் துணிவரை தள்ளிக்கொண்டே இறுக்கலாம். இப்போது இரு முனையையும் கைத்தையல் ஊசியில் கோத்து, கடைசித் தையல் வெளிவந்த அதே துளையில் நுழைத்து, அடித்துணியைத் தொடாமல் பஞ்சுக்குள்ளேயே ஓர் அங்குலம் ஓட்டி மேலே எடுங்கள். லேசாகச் சுண்டினால் முடிச்சு ‘டிக்’ என்று உள்ளே போய்விடும். நூலைச் சற்று இழுத்துப் பிடித்துத் துணியோடு ஒட்ட வெட்டினால் முனை தானாக உள்வாங்கும்.

முனை 2 அங்குலத்துக்கும் குறைவாகப் போய்விட்டதா? நூல் கோக்காமலே ஊசியைப் பஞ்சுக்குள் செலுத்தி, காது மட்டும் வெளியே தெரியும்போது நிறுத்துங்கள். அப்போது கோத்து, ஊசியைத் தள்ளிவிடுங்கள். நூறு முனை புதைக்க வேண்டுமென்றால் காதின் உச்சியில் பிளவு உள்ள ஊசி வாங்கிக்கொள்வது கண்ணுக்கு நல்லது. நூலை மேலிருந்து அழுத்தினாலே கோத்துக்கொள்ளும்.

ஓரத்திலிருந்து ஓரம் வரை போகும் தையல் கோடுகளுக்கு இந்த வேலையே இல்லை, முனைகள் பைண்டிங்குக்குள் பூட்டிக்கொள்ளும். ஆகவே புதைக்கச் சோம்பல் படுபவர் வடிவத்தையே அப்படித் தேர்ந்துகொள்ளலாம். தினமும் புரண்டு கசங்கும் குழந்தைப் போர்வைக்கு, தொடக்கத்திலும் முடிவிலும் 5, 6 மிகச் சிறிய தையல் போட்டு மேலேயே வெட்டுவதும் உண்டு. பிடிமானம் போதும், அருகில் பார்த்தால் சிறு புள்ளியாகத் தெரியும்.

பாதிக் கோட்டில் அடிநூல் தீர்ந்தால்?

தீர்ந்த இடத்திலேயே தொடராதீர்கள். கடைசி 5, 6 தையலைப் பிரித்து, புதைக்கும் அளவுக்கு நூல் முனை எடுத்துக்கொண்டு, பிரித்த முதல் துளையிலேயே புதிய நூலைத் தொடங்குங்கள். இரண்டையும் தனித்தனியே முடிச்சிட்டு எதிரெதிர்த் திசையில் புதையுங்கள். நீண்ட கோட்டைத் தொடங்குமுன் அடிநூல் சுற்றிய பாபினைத் திறந்து பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

கையால் தைக்கும்போது முடிச்சு அடித்துணியில் தெரிகிறதே?

தெரியக் கூடாது. நூலை 18 அங்குலத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நீளமான நூல் ஒவ்வொரு தையலுக்கும் துணி வழியே உராய்ந்து, பாதியிலேயே பஞ்சாகப் பிரியும், அதுவே ஒரு பிசிறு. ஊசி மேல் நூலை மூன்று சுற்று சுற்றி இழுத்தால் சிறு மணி போல முடிச்சு விழும். தையல் தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி மேல்துணியில் ஊசியை நுழைத்து, பஞ்சு வழியாகத் தொடங்குமிடத்தில் எடுத்துச் சுண்டினால் முடிச்சு மேல்துணியைத் தாண்டிப் பஞ்சில் மாட்டி நிற்கும். சுண்டுவது பலமாக இருந்தால் முடிச்சு மறுபக்கமாக வெளியே வந்துவிடும், மெதுவாகச் செய்யுங்கள். முடிக்கும்போது துணியிலிருந்து ஒரு தையல் நீளம் தள்ளி முடிச்சிட்டு, கடைசித் தையலோடு அதை உள்ளே இழுத்து, ஓர் அங்குலம் ஓட்டி வெட்டுங்கள்.

கையால் தைக்கும் மரபுகள் சில பிசிறை வேறுவிதமாகப் பார்த்தன. வங்காளத்தின் பழந்துணிப் போர்வையான காந்தாவில் நூலே பழைய சேலைக் கரைகளிலிருந்து உருவி எடுக்கப்பட்டது. நாம் வெட்டி எறியும் இழை அங்கே மூலப்பொருள். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தியர் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையில் வேறொரு பாடம் இருக்கிறது. வெளியோரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துப் போவார்கள், ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் விரலால் உள்ளே மடக்கியபடியே. தனி பைண்டிங் இல்லை, வெளியே தெரியும் வெட்டோரமும் இல்லை. பிசிறுக்கு அஞ்சுபவர்கள் சிறிய அளவில் ஒன்று தைத்துப் பார்க்கலாம்.

தவறான தையலைச் சுத்தமாகப் பிரிப்பது எப்படி?

தையல் பிரிக்கும் கருவியான சீம் ரிப்பரை இரு துணிக்கும் நடுவே விட்டு உழுதுகொண்டே போகாதீர்கள், எங்கோ ஓரிடத்தில் துணி கிழிபடும். ஒரு பக்கத்தில் மூன்று நாலு தையலுக்கு ஒன்று வெட்டுங்கள். மறுபக்க நூலைப் பிடித்து இழுத்தால் முழுதாக உருவி வரும். வெட்டிய பக்கத்தில் மீசை மாதிரி சிறுதுண்டுகள் நிற்கும். பென்சில் ரப்பரால் தேய்த்தால் அவை சுருண்டு வெளியே வந்துவிடும், டேப்பால் எடுக்கலாம். ஒன்று விடாமல் எடுங்கள், மறுபடி அதே இடத்தில் தைக்கும்போது இவைதான் உள்ளே மாட்டும்.

பைண்டிங்கில் எங்கெல்லாம் பிசிறு வரும்?

மூன்று இடத்தில்: பட்டை இணைப்பில், மூலையில், தொடக்கமும் முடிவும் சந்திக்கும் இடத்தில்.

60க்கு 80 அங்குலக் குவில்ட் என்றால் சுற்றளவு 280. மூலைக்கும் இணைப்புக்கும் 15 அங்குலம் கூட்டினால் 295. 42 அங்குல அகலத் துணியில் ஒரு பட்டை இணைப்புக் கழித்து 39 அங்குலம் தரும், ஆக 8 பட்டை. கையால் ஹெம்மிங் செய்து முடிப்பதானால் 2¼ அங்குல அகலம், மிஷினிலேயே முடிப்பதானால் 2½. பட்டைகளைச் சாய்வாக இணைத்து, தையல் ஓரத்தைக் கால் அங்குலமாக வெட்டி, விரித்து இஸ்திரி போடுங்கள். நேராக இணைத்தால் எட்டடுக்கு ஒரே இடத்தில் குவியும்.

தைக்குமுன் குவில்டின் மூன்றடுக்கையும் ஸ்கேல் வைத்து நேராக வெட்டுங்கள். பஞ்சு மட்டும் உள்ளடங்கிப் போனால் பைண்டிங் காலியாகத் தொங்கும், காலியான மடிப்புத்தான் முதலில் தேயும்.

மூலைக்குக் கால் அங்குலம் முன்னதாக நின்று, ரிவர்ஸ் போட்டு, நூலை வெட்டுங்கள். பட்டையை மேல்நோக்கி 45 பாகையில் மடக்கி, பிறகு மடிப்பு குவில்ட் ஓரத்தோடு சேரும்படி கீழே இறக்கி, ஓரத்திலிருந்தே அடுத்த தையலைத் தொடங்குங்கள். கால் அங்குலத்தைத் தாண்டித் தைத்துவிட்டால் மூலை மடியாது, உருண்டுவிடும்.

முடிவில் பட்டையின் இரு வாலும் 10 அங்குலம் இருக்கும்படி, நடுவே ஓர் அடிக்குமேல் தைக்காமல் விடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று பட்டையின் அகலத்துக்குச் சமமாக, அதாவது 2½ அங்குலப் பட்டைக்கு 2½ அங்குலம், மேலேறும்படி வெட்டுங்கள். விரித்துச் செங்கோணமாக வைத்துச் சாய்வாகத் தையுங்கள். ஓரத்தை வெட்டுமுன் பட்டை முறுக்கிக்கொள்ளவில்லையே என்று ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூல் வெட்ட எந்தக் கருவி நல்லது?

டிரிம்மர் வேகமானது, துண்டு இணைக்கும்போது மிஷின் பக்கத்தில் அது இருக்கட்டும். முடிந்த குவில்டின் மேல் அதைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே முனை வளைந்த சிறு கத்தரிதான், வளைவு துணியை விட்டு மேல்நோக்கி இருக்கும்படி. காகிதம் வெட்டிய கத்தரி நூலை மென்று விடும், வெட்டாது.

துணிக்குத் துளை விழுவது பெரும்பாலும் மடிப்புத் தெரியாமல் வெட்டும்போதுதான். நூலைப் பலமாக இழுத்துப் பிடித்து வெட்டினால் துணியும் கூடாரம் போல எழும்பிக் கத்தரிக்குள் வந்துவிடும். குவில்டை மேசைமேல் தட்டையாக விரித்து, அடியில் இடது கையை வைத்து, நூலைத் துணி எழும்பாத அளவுக்கு மட்டும் இழுத்துப் பிடித்து வெட்டுங்கள்.

பாலியெஸ்டர் நூல் முனையைத் தீக்குச்சியில் காட்டி உருக்குவது சில தையற்கடைப் பழக்கம். பருத்திக் குவில்டில் வேண்டவே வேண்டாம். நூல் உருகிக் கடினமான மணியாகும், பருத்தி கருகும், பஞ்சு பற்றிக்கொள்ளவும் கூடும்.

அப்படியும் மேல்துணியை வெட்டிவிட்டேன். இனி?

அரை அங்குலத்துக்குக் குறைவான வெட்டு என்றால், சூடு பட்டால் ஒட்டும் பசைத்துணியின் சிறு துண்டை அடியில் சொருகி, ஓரங்களை நெருக்கி வைத்து இஸ்திரியை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். பருத்திப் பஞ்சானால் பயமில்லை. பாலியெஸ்டர் பஞ்சானால் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு துணி போட்டு அழுத்துங்கள். பிறகு அதே நிற நூலால் சிறு தையல்கள். பெரிய வெட்டென்றால் அதே சதுரத்தின் அளவுக்கு அதே துணியில் ஒன்று வெட்டி, ஓரம் மடக்கி, பழையதன் மேலேயே வைத்து மறைதையல் போட்டு, குவில்டிங் கோட்டை மேலே மறுபடி ஓட்டிவிடுங்கள். இதற்காகத்தான் ஒவ்வொரு துணியிலும் ஒரு சிறு துண்டை எடுத்துவைக்கச் சொல்வது.

மிஷினுக்குள் சேரும் தூசுக்கும் பிசிறுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. பருத்தி நூலும் துணியும் உதிர்க்கும் தூசு பாபின் கேஸைச் சுற்றிச் சேர்ந்து, எண்ணெயோடு கலந்து கறுத்த திரியாகிறது. ஒருநாள் அது தையலோடு சேர்ந்து மேலே வரும், வெள்ளைத் துணியில்தான் வரும். இரண்டு மூன்று பாபினுக்கு ஒருமுறை ஊசிக்கு அடியிலுள்ள தட்டைக் கழற்றிப் பிரஷால் வெளியே இழுத்து எடுங்கள். வாயால் ஊதினால் தூசு இன்னும் உள்ளே போகும், ஈரமும் சேரும். ஊசியை 8 மணி நேரத் தையலுக்கு ஒன்று மாற்றுங்கள். மழுங்கிய ஊசி துணியின் இழையை அறுத்து, தையல் கோட்டை ஒட்டியே மெல்லிய பிசிறு கிளப்பும்.

முதல் சலவைக்குப் பின் புதிதாக நூல் முளைக்கிறது. எதைத் தவறவிட்டோம்?

தவறு இல்லாமலும் வரும். பஞ்சு சுருங்கும்போது சரியாக ஓட்டப்படாத சில முனைகள் வெளியே தலைகாட்டும். குவில்டிங் நூல் என்றால் ஊசியில் கோத்து மறுபடி புதையுங்கள். வெட்டினால் அடுத்த சலவையில் இன்னும் நீளமாக வரும். பஞ்சிழையே மேல்துணி வழியே வெளிவந்தால் அதை மேலிருந்து இழுக்கக் கூடாது, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். அடித்துணிப் பக்கம் விரல்களால் துணியைக் கிள்ளிப் பின்னோக்கி இழுத்தால் இழை உள்ளே போய்விடும்.

வெட்டிய நூல்களை என்ன செய்வது? பறவை கூடுகட்ட வெளியே போடலாமா?

வெளியே போடாதீர்கள். நூல் குஞ்சுகளின் காலில் சுற்றிக்கொண்டு இறுக்கிவிடும். ஊசி குத்தும் மெத்தைக்கு உள்ளே அடைக்கலாம், உடைந்த ஊசி கலந்திருக்கிறதா என்று காந்தம் காட்டிப் பார்த்துவிட்டு.